வாசலில் என்ன கேட்பது? ஒரு சர்ச் ஃபுட் பேன்ட்ரி உள்ளே எப்படி ஓடுகிறது

இந்த பாட்காஸ்ட்டில் வழக்கமாக ஒரு சிஸ்டத்தை எடுத்துப் பிரித்து, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். இன்றைக்கு எடுத்திருக்கும் சிஸ்டத்தில் சர்வர் கிடையாது, ஆப் கிடையாது. ஒரு சர்ச் ஹால், ஏழெட்டு மடக்கு மேஜை, ரெண்டு ஃப்ரீசர், வாரத்தில் ஒரு நாள் மூணு மணி நேரம். அவ்வளவுதான். அமெரிக்காவில் இதுக்குப் பெயர் ஃபுட் பேன்ட்ரி. மளிகை வாங்கக் காசு பத்தாதவர்கள் வந்து, சில நாளைக்கு வேண்டிய பொருளை இலவசமாக எடுத்துக்கொண்டு போகும் இடம். சமைத்த சாப்பாடு கிடையாது, அது வேறு ஏற்பாடு. இங்கே கிடைப்பது அரிசி, பாஸ்தா, டின் பீன்ஸ், முட்டை, கேரட் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிற சாமான்.

என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருத்தன் அங்கே மாஸ்டர்ஸ் படிக்கும்போது, ஒரு சின்ன ஊர் சர்ச் பேன்ட்ரியில் ரெண்டு வருஷம் சனிக்கிழமை தோறும் வேலை செய்தான். அவன் கிறிஸ்தவன் இல்லை. முதலில் பொருள் வாங்கப் போனவன், அப்புறம் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். அவன் சொன்னதும், அதுக்கப்புறம் நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்த எபிசோட்.

ஒரு பேன்ட்ரி தொடங்க ஆசைப்படுகிற எல்லோருக்கும் முதல் கவலை, இவ்வளவு சாப்பாடு எங்கிருந்து வரும் என்பது. என் கணிப்பில் அது பெரும்பாலும் தீர்த்து வைக்கப்பட்ட பிரச்சினை. தீராதது வாசலில் இருக்கிறது. உள்ளே வருகிறவரிடம் என்ன கேட்பது? எதைக் கேட்காமல் விடுவது? இதை எப்படி முடிவு பண்ணுகிறார்களோ, அதை வைத்துத்தான் யார் வருவார்கள், யார் தெருமுனையோடு திரும்பிப் போவார்கள் என்பது முடிவாகிறது. முதலில் அந்தத் தீர்ந்த பிரச்சினையை வேகமாகப் பார்த்துவிட்டு வாசலுக்கு வருவோம்.

ரெண்டு வார்த்தையைப் பிரித்துக்கொள்ளுங்க. அமெரிக்காவில் ஃபுட் பேங்க் என்றால் மொத்த விற்பனை மண்டி மாதிரி ஒரு பெரிய கிடங்கு. ஃபுட் பேன்ட்ரி என்றால் தெருமுனை மளிகைக் கடை மாதிரி. மண்டியிலிருந்து கடைக்கு வரும், கடையிலிருந்து வீட்டுக்குப் போகும். பிரிட்டனில் இந்தத் தெருமுனைக் கடையையே ஃபுட் பேங்க் என்கிறார்கள், அதனால் குழம்ப வேண்டாம்.

அந்த மண்டி ஐடியாவும் ஒரு சர்ச்சில்தான் பிறந்தது. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஒரு இலவச உணவுக் கூடத்தில் தொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே வந்த, பத்துப் பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண், சூப்பர் மார்க்கெட் பின்னால் குப்பைத் தொட்டியில் போடுகிற உணவில் நல்லதைப் பொறுக்கி எடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டுவதாகச் சொன்னார். பணத்துக்கு பேங்க் இருக்கிற மாதிரி உணவுக்கும் ஒன்று இருந்தால், வேண்டாதவர்கள் போட்டுவிட்டுப் போகலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். வான் ஹெங்கல் செயின்ட் மேரி சர்ச்சில் போய்க் கேட்டார். அவர்கள் 3,000 டாலரும் சும்மா கிடந்த ஒரு பழைய கட்டடமும் கொடுத்தார்கள். அது 1967. முதல் வருஷத்திலேயே 36 அமைப்புகளுக்கு லட்சக்கணக்கான பவுண்டு உணவு போனது. இன்றைக்கு ஃபீடிங் அமெரிக்கா என்ற வலையமைப்பில் ஏறக்குறைய 200 ஃபுட் பேங்குகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்துப் பரிமாறும் பேன்ட்ரிகளும் உணவுக் கூடங்களும் சுமார் 60,000. அதில் கணிசமானவை சர்ச் நடத்துபவை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் பிடிக்கும்.

ஒரு கம்பெனி லாரி லாரியாக தானியமோ தயிரோ நன்கொடை கொடுத்தால் அதை எந்த ஊர் ஃபுட் பேங்குக்கு அனுப்புவது? 2005 வரை ஒரு க்யூதான். உங்க முறை வந்தால் போன் வரும், சில மணி நேரத்தில் வேணும் வேண்டாம் சொல்லணும். உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்குன்னு அந்த க்யூவுக்குத் தெரியாது. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோவுக்கே உருளைக்கிழங்கு லோடு போய் நிற்கக்கூடிய டிசைன் அது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர் கேனிஸ் ப்ரெண்டர்காஸ்ட்டும் சக பேராசிரியர்களும் ஃபுட் பேங்க் நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து இதை மாற்றினார்கள். ஒவ்வொரு ஃபுட் பேங்குக்கும் அதன் வட்டாரத்தின் ஏழ்மைக்கு ஏற்ப ஷேர்ஸ் என்ற பொய்ப்பணம். அதை வைத்து தினமும் ஏலம். யாருக்கும் வேண்டாத சரக்கு என்றால் விலை மைனஸில் கூடப் போகும், அதாவது அதை எடுத்துக்கொண்டால் உங்க கணக்கில் ஷேர்ஸ் ஏறும்.

அந்தக் குழுவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு ஃபுட் பேங்க் நடத்திய ஜான் ஆர்னால்டும் இருந்தார். தான் ஒரு சோஷலிஸ்ட், மார்க்கெட்டில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். அவர் எதிர்த்ததில் வியப்பில்லை. எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது வேறொன்று. பேன்ட்ரிக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று அமெரிக்கா முழுக்கப் பிரசாரம் செய்தவர்களில் முக்கியமானவரும் இதே ஆர்னால்ட்தான். மேலே ஃபுட் பேங்க் மட்டத்தில் 2005-ல் வந்த உரிமையை, கீழே சாதாரண ஆளுக்கு அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதைப் பற்றி வருவோம். முதலில் கடையைத் திறக்கணும்.

ஒரு சர்ச் பேன்ட்ரி தொடங்கணும் என்றால், நண்பன் சொன்ன முதல் வேலை சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே யார் நடத்துகிறார்கள் என்று பார்ப்பது. பக்கத்துத் தெரு சர்ச் செவ்வாய்க்கிழமை காலை நடத்தினால், நீங்களும் செவ்வாய் காலை நடத்துவதில் அர்த்தமில்லை. வேலைக்குப் போகிற ஏழைகளுக்குச் சாயங்காலமோ சனிக்கிழமையோதான் வர முடியும். அடுத்து, வட்டார ஃபுட் பேங்கோடு ஒப்பந்தம். லாப நோக்கமில்லாத அமைப்பு என்ற வரிவிலக்கு நிலை வேண்டும், சர்ச்சுகளுக்கு அது இயல்பாகவே உண்டு. பூட்டக்கூடிய சேமிப்பு அறை, எலி பூச்சி வராத ஏற்பாடு, ஒருவருக்காவது உணவுப் பாதுகாப்புப் பயிற்சி, மாதாமாதம் எத்தனை குடும்பம் வந்தது என்ற கணக்கு. இவ்வளவும் இருந்தால் சரக்கு இலவசமாகவோ, பவுண்டுக்குச் சில சென்ட் கையாளும் கட்டணத்துக்கோ கிடைக்கும். அதனால்தான் சபையார் வீட்டிலிருந்து ஆளுக்கு ரெண்டு டின் கொண்டுவருவதைவிட, அந்தக் காசை ஃபுட் பேங்குக்கு அனுப்பினால் பல மடங்கு பொருள் வரும். ஆனால் டின் கொண்டுவந்து வைக்கிறதில் ஒரு திருப்தி இருக்கே, அதை எந்தக் கணக்கும் ஜெயிக்காது. ரெண்டும் நடக்கும்.

நன்கொடை கொடுத்த சாப்பாட்டால் யாருக்காவது உடம்புக்கு வந்தால் கேஸ் போடுவாங்களே என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள். அதற்கு 1996-ல் ஒரு சட்டம் வந்தது, பில் எமர்சன் நல்ல சமாரியன் சட்டம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவருக்கும் வாங்கிப் பரிமாறிய அமைப்புக்கும் பாதுகாப்பு உண்டு. அப்பட்டமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தப்போ இருந்தால் மட்டும் கிடையாது.

ஸ்டோர் ரூம் விதிகளை நண்பன் ரசித்து ரசித்துச் சொன்னான். எதையும் தரையில் வைக்கக்கூடாது, 6 அங்குலமாவது உயரம் வேணும். ஃப்ரிட்ஜ் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, நம்ம கணக்கில் சுமார் 4 செல்சியஸ். ஃப்ரீசர் மைனஸ் 18. முதலில் வந்தது முதலில் போகணும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பரீட்சையில் ரெண்டு மார்க்குக்கு எழுதின க்யூவை, அவன் அங்கே தக்காளி டின்னை முன்னும் பின்னும் நகர்த்திக் கற்றுக்கொண்டானாம். டின் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. தையல் ஓரத்தில் ஆழமாக நசுங்கியிருந்தாலோ, உப்பியிருந்தாலோ யோசிக்காமல் குப்பை. அட்டையில் போட்டிருக்கும் தேதி பெரும்பாலும் தரத்துக்கான தேதி, தாண்டினாலும் விஷமாகிவிடாது. ஒரே ஒரு விலக்கு, குழந்தைகளுக்கான ஃபார்முலா பால். அதன் தேதி சட்டப்படி போடுவது. ஒரு நாள் தாண்டினாலும் கொடுக்கக்கூடாது.

சரி, சரக்கு இருக்கிறது. எப்படிக் கொடுப்பது?

சுலபமான வழி, முன்கூட்டியே பை போட்டு வைப்பது. எல்லோருக்கும் ஒரே பை. வரிசை சீக்கிரம் நகரும். ஆனால் மோட்டல் அறையில் தங்கியிருப்பவரிடம் மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கும், உலர்ந்த பீன்ஸை வைத்து என்ன செய்வார்? சர்க்கரை நோயாளிக்கு சிரப்பில் போட்ட பீச் பழம். பன்றி இறைச்சி சாப்பிடாதவருக்கு ஹாம் டின். டின் திறப்பான் இல்லாதவருக்கு எந்த டின்னும். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ வைத்துவிடுவார். புள்ளிவிவரத்தில் அந்தக் குடும்பத்துக்கு உணவு கிடைத்துவிட்டது என்று ஏறியிருக்கும்.

இன்னொரு வழி, ஆர்னால்ட் சொன்ன வழி. மேஜையில் அடுக்கி வைத்து, கடையில் எடுப்பது மாதிரி எடுக்க விடுவது. குடும்பத்தில் எத்தனை பேரோ அதற்கேற்ப ஒரு அளவு: புரதத்தில் இத்தனை, தானியத்தில் இத்தனை, காய்கறி தாராளம். எல்லோரும் நல்ல பொருளை அள்ளிக்கொண்டு போய்விட மாட்டாங்களா என்று கேட்பார்கள். அளவு இருப்பதால் முடியாது. நடைமுறையில் நடப்பது, யாருக்கு வேண்டாமோ அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பொருள் மேஜையிலேயே இருக்கிறது. நண்பனுக்கு இதில் பிடித்தது வேறு. கேரட் மேஜையில் நின்றபோது, ஒரு அம்மா ரெண்டு கட்டை கையில் எடுத்து எடை பார்த்து, ஒன்றை வைத்துவிட்டு நல்லதாக இன்னொன்று பொறுக்கி எடுத்தாராம். காய்கறிக் கடையில் நாம் எல்லோரும் செய்வதுதான். பை வாங்கிக்கொண்டு போகும் வரிசையில் அதைச் செய்ய முடியாது.

வரிசைக்கும் ஒரு டிசைன் வேணும். முதலில் வருபவருக்கு நல்ல பொருள் என்று இருந்தால், 10 மணி பேன்ட்ரிக்கு 7 மணிக்கே குளிரில் ஆள் நிற்பார்கள். வயதானவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் கடைசியில் போவார்கள். அவன் வேலை செய்த இடத்தில் கதவு திறக்கும் நேரத்தில் சீட்டுக் குலுக்கி நம்பர் கொடுத்தார்கள். சீக்கிரம் வந்து பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் மூணே வாரத்தில் அந்த அதிகாலைக் கூட்டம் காணாமல் போனது. முட்டையை மூணு பங்காகப் பிரித்து மணிக்கு ஒரு பங்காக வெளியே எடுப்பார்கள், கடைசி நம்பருக்கும் முட்டை இருக்கணும் என்று. தொண்டர்களுக்கும் பொருள் தேவைப்பட்டால் அவர்களும் சீட்டு எடுக்கணும். இந்த ஒரு விதிக்குத்தான் அதிகம் சண்டை வந்ததாம்.

இப்போ வாசல்.

பிரிட்டனில் ட்ரஸல் என்ற அமைப்பு 2000-ல் சாலிஸ்பரி நகரில் தன் முதல் ஃபுட் பேங்கைத் தொடங்கியது. அப்புறம் சர்ச்சுகள் வழியாக நாடு முழுக்கப் பரவியது. அவர்களுடைய மாதிரியில், டாக்டரோ சமூகப் பணியாளரோ ஆலோசனை மையமோ ஒரு வவுச்சர் எழுதித் தரணும். அதைக் காட்டினால் மூணு நாளைக்கான உணவு. இதற்கு நியாயம் இருக்கிறது. பசிக்குப் பின்னால் கடனோ, நின்றுபோன அரசு உதவித் தொகையோ இருக்கும், அதைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் பாருங்க, வவுச்சர் வாங்க நீங்க முதலில் இன்னொருத்தரிடம் போய், என் வீட்டில் சாப்பாடு இல்லை என்று சொல்லணும்.

இதற்கு நேர் எதிர்முனை சான் பிரான்சிஸ்கோவில் செயின்ட் கிரிகரி ஆஃப் நிஸ்ஸா என்ற எபிஸ்கோபல் சர்ச். அங்கே 2000-ல் பேன்ட்ரி தொடங்கிய சாரா மைல்ஸ், நாத்திகக் குடும்பத்தில் வளர்ந்த பத்திரிகையாளர், ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் யதேச்சையாக அந்த சர்ச்சுக்குள் போய், அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிச் சாப்பிட்டு, அங்கேயே தங்கிவிட்டவர். கேள்வி கேட்காமல் எனக்குச் சாப்பாடு கொடுத்தாங்க, அதையே நானும் செய்யப்போகிறேன் என்பதுதான் அவர் லாஜிக். ஹாலிலோ பின்கட்டிலோ வைக்காமல், காய்கறி மூட்டைகளைப் பலிபீடத்தைச் சுற்றியே அடுக்கினார். சுவரில் அந்த சர்ச்சின் நடனமாடும் புனிதர்கள் ஓவியத்தில் மால்கம் எக்ஸும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆடிக்கொண்டிருப்பார்கள், கீழே சந்தை நடக்கும். வருமானச் சான்று கேட்பதில்லை. சபைக்குள் எல்லோரும் உடனே சம்மதிக்கவில்லை. ஆனால் வாங்க வந்தவர்களே நாளாவட்டத்தில் மூட்டை இறக்கவும் மேஜையில் நிற்கவும் தொடங்கினார்கள்.

பெரும்பாலான பேன்ட்ரிகள் இந்த ரெண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கின்றன. அமெரிக்க அரசு கொடுக்கும் சரக்கை வாங்கினால் சில விதிகளும் கூடவே வரும். வருமான வரம்பு உண்டு. அதே சமயம், சாப்பாடு வேணும்னா முதலில் ஜெபத்தில் உட்காரு என்று சொல்ல முடியாது. ஜெபம் நடத்தலாம், நிபந்தனையாக வைக்கக்கூடாது. சர்ச் பேன்ட்ரிகளுக்கு இது முக்கியமான கோடு. நல்ல சர்ச்சுகளுக்கு அந்தக் கோட்டைச் சட்டம் போட்டுக் காட்டவேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து.

என் நண்பன் கதையில் இங்கேதான் இன்ஜினியர் மூளை உள்ளே வருகிறது. வாசலில் பேப்பரில் எழுதுகிறார்களே என்று, பார்கோடு அட்டை, போட்டோ, முகவரிச் சான்று, வருகைப் பதிவு எல்லாம் வைத்து ஒரு அப்ளிகேஷன் டிசைன் பண்ணிக் கொண்டுபோனான். பேன்ட்ரியை நடத்திய அம்மையார், ரிட்டயர்டு ஸ்கூல் கேன்டீன் ஊழியர், ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி ஒரே கேள்விதான் கேட்டாராம்: இதைத் தெரிந்துகொண்டு நாம் எந்த முடிவை மாற்றப் போகிறோம்? குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்குப் பதில் இருந்தது, அளவு அதைப் பொறுத்தது. ஊர் பின்கோடுக்கும் இருந்தது, ஃபுட் பேங்க் கேட்கிறது. மற்ற எதற்கும் இல்லை. போட்டோ போச்சு, முகவரிச் சான்று போச்சு. மிஞ்சியது பெயர், எத்தனை பேர், பின்கோடு. அதுக்கு அப்ளிகேஷன் எதுக்கு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

யோசித்துப் பாருங்க, ரெண்டு வகைத் தப்பு நடக்கலாம். தேவையில்லாத ஒருவர் பொருள் வாங்கிவிடலாம், நஷ்டம் ஒரு பை அரிசியும் ரெண்டு டின்னும். தேவையுள்ள ஒருவர் பேப்பர் இல்லாததாலோ வெட்கத்தாலோ திரும்பிப் போகலாம், நஷ்டம் ஒரு வீட்டின் ராத்திரிச் சாப்பாடு. முதல் தப்பைத் தடுக்கக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரெண்டாவது தப்பைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி கார்டு வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்கள் நிற்பதால் அந்த வரிசையில் நிற்பது யாரையும் ஏழை என்று காட்டிக் கொடுப்பதில்லை. பேன்ட்ரி வரிசை காட்டிக் கொடுக்கும். அதனால் அங்கே கேள்வியின் எடை அதிகம்.

மறுபக்கமும் உண்மைதான். சரக்கு குறைவாக இருக்கும் வாரத்தில் திறந்த கதவு என்றால் மதியத்துக்குள் மேஜை காலி. தெருவில் கார் நிறுத்த இடமில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் சொல்வார்கள். அதற்கு அளவைக் குறைக்கலாம், இன்னொரு நாள் திறக்கலாம். விசாரணையைக் கூட்டினால் சரக்கு கூடாது. இன்னொரு பெரிய விமர்சனம் ஜேனட் பாப்பென்டீக் என்ற சமூகவியலாளர் 1998-ல் ஒரு புத்தகமாகவே எழுதியது. இப்படித் தர்மச் சாப்பாடு பெருகப் பெருக, அரசு தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்ள வசதியாகிறது என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் சனிக்கிழமை காலை வாசலில் நிற்பவரிடம் அதைச் சொல்ல முடியாது.

இது நம்மில் பலருக்கு நேரடியாகத் தொடும் விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே இப்போ மாணவர்களுக்கான பேன்ட்ரிகள் உண்டு, மிச்சிகன் ஸ்டேட்டில் 1993-லேயே தொடங்கியது. நம்ம பசங்க நிறையப் பேர் போகிறார்கள், வீட்டுக்குச் சொல்வதில்லை. கனடாவில் 2024-ல் வான்கூவரின் பெரிய ஃபுட் பேங்க், முதல் வருட வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. விசா வாங்கும்போது செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டித்தானே வந்தீங்க என்பது வாதம். அந்த வருஷ ஜனவரி வரை கனடா காட்டச் சொன்ன தொகை ஒரு ஆளுக்கு 10,000 டாலர். அதன்பிறகு அரசே அதை 20,635 ஆக்கியது. பழைய தொகை ஒரு வருஷத்துக்குப் பத்தாது என்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதான். அதுவும் காட்டிய பணத்தில் பல வீடுகளில் எவ்வளவு கடன் என்று நமக்குத் தெரியும். இலவசமாக மளிகை எடுப்பது எப்படி என்று வீடியோ போட்டு லைக் வாங்குகிறவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். அந்தக் கோபத்துக்கு விலை கொடுக்கிறது வீடியோ போடாதவன்.

வெளியே படிக்கப் போகிறவர்கள், போனவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால்: தேவை என்றால் போங்க. சமைக்கத் தெரிந்ததை மட்டும் எடுங்க, மற்றதை மேஜையிலேயே விடுங்க. மூட்டை இறக்க எப்பவும் ஆள் தேவை. எந்த பேன்ட்ரியிலாவது வேலை செய்திருந்தால் எங்களுக்கு எழுதுங்க, குறிப்பாக வாசலில் என்னென்ன கேட்டார்கள் என்று. வந்த பதில்களை ஒரு எபிசோடில் படிக்கிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.